ஒரே ஒரு கவிதையை வைத்துக்கொண்டு லிட்டரரி தியரியும் ரிசர்ச் மெத்தடாலஜியும் படிப்பது எப்படி

எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளிடம் எந்தப் பேப்பர் பயமாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். லிட்டரரி தியரி (இலக்கியத்தை எப்படிப் படிப்பது என்கிற கோட்பாடுகள்) என்பார்கள், இல்லாவிட்டால் ரிசர்ச் மெத்தடாலஜி (ஆய்வுமுறை) என்பார்கள். "ஷேக்ஸ்பியருக்குக் கதை தெரிந்தால் எப்படியாவது நாலு பக்கம் எழுதிவிடலாம் சார், டெரிடாவுக்குக் கதையே கிடையாதே" என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். ரொம்பச் சரியாகச் சொன்னாள், டெரிடா கதாசிரியர் இல்லை, பிரெஞ்சுத் தத்துவவாதி. கதை இல்லாத ஒன்றை மனதில் நிறுத்துவது கஷ்டம், அதனால்தான் எல்லோரும் கைடு வாங்கி, பெயர், வருஷம், நாலு கலைச்சொல் என்று மனப்பாடம் செய்கிறோம். நானும் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து அப்படித்தான் செய்தேன். செமஸ்டரில் பாஸ் ஆனது. அடுத்த வருஷம் புராஜெக்ட் எழுத உட்கார்ந்தபோது ஒரு வரிகூட உதவவில்லை.

அதனால் இப்போது என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் ஒரே வழியைத்தான் சொல்கிறேன். ஒரு சின்னப் படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு செமஸ்டருக்கும், இரண்டு பேப்பருக்கும் அதை விடாதீர்கள். ஒவ்வொரு தியரியும் அடிப்படையில் ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை அந்தப் படைப்பிடம் போய்க் கேளுங்கள், என்ன பதில் வருகிறது என்று எழுதி வையுங்கள்.

நான் வைத்திருப்பது ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் டேஃபடில்ஸ் (ஒரு வகைப் பூ) கவிதை. பள்ளியிலேயே பலர் படித்தது, வெறும் 24 வரி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அது எப்படி எழுதப்பட்டது என்பது பற்றி நிறைய ஆதாரம் இருக்கிறது. நீங்கள் வேறு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் நாவல் வேண்டாம், 400 பக்கத்தை ஒவ்வொரு வாரமும் திரும்பப் படிக்க முடியாது. நோட்டின் முதல் பக்கத்தில் கவிதையைக் கையால் எழுதுங்கள். போட்டோகாப்பி எடுத்து ஒட்டாதீர்கள், கையால் எழுதும்போதுதான் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கண்ணில் படும்.

முதல் பயிற்சிக்குத் தியரியே வேண்டாம். விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞரின் பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னார், அவர்கள் எழுதியதை வைத்து 1929-இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். நீங்களும் வேர்ட்ஸ்வொர்த் பெயரை மறந்துவிட்டு வாசியுங்கள். மேகம் போலத் தனியாக அலைந்தேன் என்று தொடங்குகிற ஆள், அடுத்த சில வரிகளில் பூக்களைக் கூட்டம் என்கிறான், படை என்று பொருள்படும் சொல்லைப் போடுகிறான், பிறகு குதூகலமான கூட்டாளிகள் என்கிறான். பூவைச் சொல்ல எதற்கு இத்தனை மனிதக் கூட்டச் சொற்கள்? இதைக் கவனித்துவிட்டாலே நியூ கிரிட்டிசிசம் (படைப்பின் சொற்களை மட்டும் உற்றுப் பார்க்கிற திறனாய்வு) பாதி வந்துவிட்டது. பழகிப்போன பொருளைப் புதிதாகப் பார்க்க வைப்பதுதான் கலையின் வேலை என்று ரஷ்ய விமர்சகர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-இல் எழுதியதும் இங்கேயே பொருந்தும்.

இப்போது ஒரு தகவல். வேர்ட்ஸ்வொர்த் அன்று தனியாகப் போகவில்லை. 1802 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவரும் அவர் தங்கை டோரதியும் சேர்ந்துதான் அந்தப் பூக்களைப் பார்த்தார்கள். டோரதி அதைத் தன் நாட்குறிப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். பூக்கள் ஆடின, சிரிப்பது போல இருந்தன, சில பூக்கள் களைத்துப்போய்க் கல்லின் மேல் தலையணையில் சாய்வது போலச் சாய்ந்திருந்தன என்றெல்லாம் அதில் இருக்கிறது. கவிதை அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தது. அப்படியானால் "தனியாக அலைந்தேன்" என்பது பொய்யா?

இந்தக் கேள்விக்கு நீங்கள் தருகிற பதிலில்தான் நீங்கள் எந்தத் திறனாய்வுப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது தெரியும். ஆசிரியர் என்ன நினைத்தார் என்பதைக் கவிதையின் அளவுகோலாக வைக்கக் கூடாது என்று அமெரிக்கர்களான விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-இல் வாதிட்டார்கள், அவர்களைக் கேட்டால் கவிதையில் பேசுகிற "நான்" வேறு, வேர்ட்ஸ்வொர்த் என்கிற மனிதர் வேறு, டோரதி கூட வந்தாரா என்பது இங்கே தேவையில்லை என்பார்கள். ஒரு பெண்ணியத் திறனாய்வாளர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். கூட வந்த பெண் எங்கே காணாமல் போனாள், அவள் எழுதி வைத்தது யார் பெயரில் புகழ் பெற்றது என்பதுதான் அவர் கேள்வி. டோரதி அந்த நாட்குறிப்பை அச்சில் போடுவதற்காக எழுதவில்லை, வில்லியமுக்கு மகிழ்ச்சி தரும் என்று எழுதத் தொடங்கியதாக அதிலேயே குறித்திருக்கிறார். இன்னும் ஒன்று, கவிதையின் கடைசியில் வருகிற, அகக்கண்ணில் பூக்கள் பளிச்சிடுகிற அந்த இரண்டு வரிகள் மனைவி மேரி சொன்னவை. அவைதான் கவிதையின் மிகச் சிறந்த வரிகள் என்று வேர்ட்ஸ்வொர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் என்றால் யார் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1969-இல் எழுப்பிய கேள்வி இதைத் தெரிந்துகொண்ட பிறகு வெறும் தலைப்பாக இருக்காது.

சசூரை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்

எந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குவது என்று கேட்டால் தயங்காமல் சுவிஸ் மொழியியலாளர் சசூர் என்பேன், இரண்டு வாரம் கொடுங்கள். 1913-இல் அவர் இறந்தபின், வகுப்பில் மாணவர்கள் எடுத்த குறிப்புகளை வைத்து 1916-இல் அவர் பெயரில் ஒரு புத்தகத்தைத் தொகுத்தார்கள். அதில் இருக்கிற இரண்டு மூன்று கருத்துகள் புரியாமல் பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்களான பார்த், லக்கான், டெரிடா என்று யாரிடம் போனாலும் சுவரில் முட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

தமிழில் யோசித்துப் பாருங்கள், சுலபம். நாம் மரம் என்கிறோம், ஆங்கிலத்தில் ட்ரீ, லத்தீனில் ஆர்போர். மூன்று ஒலிக்கும் அந்தப் பொருளுக்கும் இயற்கையான உறவு ஏதும் கிடையாது, பேசுகிற சமூகம் அப்படி வைத்துக்கொண்டது. ஒலி குறிப்பான், அது எழுப்புகிற கருத்து குறிப்பீடு, இரண்டும் சேர்ந்தது குறி. நாய் குரைப்பது மாதிரியான சொற்களுக்காவது ஒலியோடு உறவு உண்டே என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் காதில் நாய் லொள் லொள் என்கிறது, ஆங்கிலேயர் காதில் பௌ வௌ என்கிறது, அங்கேயும் மொழியின் வழக்கம் புகுந்துவிட்டது. அடுத்தது வேறுபாடு. கல், பல், சொல் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கல் என்பது கல்லாக இருப்பது அது பல்லாக இல்லாததால்தான். ஒவ்வொரு சொல்லும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பதால்தான் பொருள் பெறுகிறது.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, யாரும் வகுப்பில் சொல்வதில்லை. அகத்திணையை நினைத்துப் பாருங்கள். முல்லை என்றால் காடு, மாலைப் பொழுது, காத்திருத்தல். குறிஞ்சி என்றால் மலை, நள்ளிரவு, கூடல். ஒரு பாட்டில் ஒரு பூவின் பெயர் வந்தாலே அது எந்த உணர்ச்சியின் பாட்டு என்று தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பூ தனியாக வரவில்லை, முதல், கரு, உரி என்கிற ஒரு முழு அமைப்போடு வருகிறது. சசூரின் வழியில் வந்த ஸ்ட்ரக்சுரலிசத்தைத் தமிழில் அமைப்பியல் என்கிறோம். தொல்காப்பியர் அமைப்பியல்வாதி என்று நான் சொல்லவில்லை, அப்படி எழுதினால் தவறு. ஆனால் ஒரு பொருளை அதன் அமைப்புக்குள் வைத்துப் படிக்கிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. தமிழவன் 1982-லேயே ஸ்ட்ரக்சுரலிசம் பற்றித் தமிழில் முழுப் புத்தகம் எழுதிவிட்டார், அதற்குப் பின்வந்த சிறுபத்திரிகைகளில் அமைப்பியல், பின்நவீனத்துவம் பற்றி ஏகப்பட்ட சண்டை நடந்திருக்கிறது. ஆங்கில மூலத்துக்குள் போகும் முன் தமிழில் ஒரு கட்டுரை படித்துவிட்டுப் போவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

சரி, கவிதைக்குத் திரும்புவோம். அமைப்பியல் கேட்கிற கேள்வி, இந்தப் படைப்பு எந்த எதிர் இணைகளின் மேல் நிற்கிறது என்பது. தனிமை/கூட்டம், வெளி/வீடு, அசைவு/ஓய்வு, பார்த்தல்/நினைத்தல். நோட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள், பத்து நிமிட வேலை. அப்புறம் டெரிடா. அவர் முறைக்குக் கட்டுடைப்பு என்று பெயர். அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஏதோ இடித்துத் தள்ளுகிற வேலை என்று நினைக்காதீர்கள். இந்த இணைகளில் படைப்பு எதை உயர்த்திப் பிடிக்கிறது, அந்த உயர்வு படைப்பின் சொந்தச் சொற்களிலேயே எங்கே தடுமாறுகிறது என்று பொறுமையாகப் பார்ப்பதுதான் வேலை. டேஃபடில்ஸ் தனிமையைத்தான் பேரின்பம் என்கிறது. ஆனால் அந்தத் தனிமையை நிரப்புவது எது? அன்று பார்த்த கூட்டம். கூட்டம் இல்லாமல் அந்தத் தனிமைக்கு இன்பமே இல்லை. முதல் வரியில் தனியாக இருப்பது ஒரு வெறுமை, கடைசியில் அதுவே பேறு, நடுவில் இருப்பதோ கூட்டத்தைக் குறிக்கும் சொற்கள். தேர்வில் டெரிடா பற்றி 15 மதிப்பெண் கேள்வி வந்தால் இந்த நாலு வாக்கியத்தை உதாரணமாக எழுதிப் பாருங்கள், வரையறைகளை மட்டும் அடுக்கியவரின் விடைத்தாளுக்கும் உங்களுடையதற்கும் உள்ள வித்தியாசம் திருத்துகிறவருக்கு உடனே தெரியும்.

மார்க்சியத்துக்கும் உளப்பகுப்பாய்வுக்கும் இந்தக் கவிதையில் இடம் குறைவு, ஆனால் உண்டு. அந்தக் காட்சி தனக்கு என்ன செல்வம் தந்தது என்று அப்போது நினைக்கவில்லை என்கிறார் கவிஞர், ஏன் செல்வம் என்கிற சொல்? சாய்வு இருக்கையில் படுத்து நினைத்துப் பார்க்கிற ஓய்வு யாருக்கு வாய்க்கும்? இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

பின்காலனியத்தில்தான் (காலனி ஆட்சி இலக்கியத்தில் விட்ட தடத்தைப் பார்க்கிற தியரி) எனக்கு மிகவும் நெருக்கமான இடம் வருகிறது. நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது இந்தக் கவிதையை ஒப்பித்தேன். டேஃபடில் பூவைப் பார்த்ததில்லை, மஞ்சள் என்று டீச்சர் சொன்னதால் என் மனதில் எங்கள் ஊர்க் கரட்டில் பூத்துக் கிடக்கிற ஆவாரம்பூதான் ஆடியது. பல வருஷம் கழித்து ஜமைக்கா கின்கெய்ட் என்கிற எழுத்தாளரின் லூசி நாவலைப் படித்தேன், 1990-இல் வந்தது. கரீபியத் தீவிலிருந்து வந்த அந்தப் பெண் சிறுவயதில் இதே கவிதையை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பித்தவள், பூவைப் பார்த்தவள் இல்லை, அவளுக்கு அந்தக் கவிதையின் மேல் வருவது ஆத்திரம். எனக்கு ஆத்திரம் வந்ததில்லை, ஆவாரம்பூதான் வந்தது. ஆனால் இரண்டு பேர் கையிலும் அந்தக் கவிதையைக் கொடுத்தது யார், எதற்காக என்கிற கேள்வி ஒன்றுதான். ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கிலாந்தில் வேரூன்றும் முன்பே காலனிய இந்தியாவில் உருவாகிவிட்டது என்று கௌரி விஸ்வநாதன் 1989-இல் ஒரு முழு நூலில் வாதிட்டார். பின்காலனியத்தின் பெரிய பெயர்களான எட்வர்ட் சயீதையும் ஸ்பிவாக்கையும் படிக்கும் முன் உங்கள் நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள்: நான் ஏன் இங்கிலீஷ் எடுத்தேன், என் வீட்டில் அதற்கு என்ன மதிப்பு, எந்தக் கவிதை முதலில் என்னிடம் வந்தது. அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சயீதைத் திறங்கள்.

மூலக் கட்டுரையை வாசிக்கிற விதம் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு செமஸ்டருக்கு நாலே நாலு மூலக் கட்டுரை போதும், ஆனால் முழுசாக. பார்த்தின் "ஆசிரியரின் மரணம்" என்கிற கட்டுரை சில பக்கம்தான், அதிலிருந்து தொடங்கலாம். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள், இவர் யாரோடு சண்டை போடுகிறார் என்பதை மட்டும் தேடுங்கள். தியரிக் கட்டுரை எல்லாமே ஒரு வாதத்தின் நடுவில் எழுந்த குரல்தான், எதிராளி தெரியாதவரைக்கும் வாக்கியம் புரியாது. பார்த்துக்கு எதிராளி, வான்கோவின் ஓவியத்தை அவருடைய பைத்தியத்தைக் கொண்டும் பிரெஞ்சுக் கவிஞர் பாதலேரின் கவிதையை அந்த மனிதரின் தோல்வியைக் கொண்டும் விளக்குகிற விமர்சகர்கள். அது தெரிந்த பின் இரண்டாவது வாசிப்பு, பென்சிலோடு. மூன்றாவதாகக் கட்டுரையை மூடிவிட்டு ஐந்து வாக்கியம் தமிழில் எழுதுங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில். தமிழில் எழுத வரவில்லை என்றால் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போங்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுகிற படியைத் தள்ளிப்போடாதீர்கள், தேர்வு அறையில் முதல் முறையாக அந்த வாக்கியத்தை உருவாக்க நேரம் கிடைக்காது.

ரிசர்ச் மெத்தடாலஜி இதே நோட்டில்தான்

இதைத் தனி பாடமாகப் படிப்பதால்தான் வறட்சியாக இருக்கிறது. மேலே நாம் செய்தது முழுக்க ஆராய்ச்சிதான், முறையாகக் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எந்தப் பதிப்பு? உங்கள் நோட்டில் எழுதியிருக்கிற கவிதை 1815-இல் திருத்திய வடிவமாகத்தான் இருக்கும். 1807-இல் முதலில் வந்தபோது மூன்று பத்திதான், நட்சத்திரங்களோடு பூக்களை ஒப்பிடுகிற பத்தி இல்லை. பொன்னிறப் பூக்கள் என்று இப்போது இருக்கிற இடத்தில் ஆடுகிற பூக்கள் என்று இருந்தது. இரண்டையும் தேடியெடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதன்மை ஆதாரம், பாடபேதம் (பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்கள்) என்று புத்தகத்தில் படித்தால் தூக்கம் வருகிற விஷயங்கள், "ஆடுகிற" ஏன் "பொன்னிற" ஆனது என்று கேட்கும்போது விழித்துக்கொள்ளும். டோரதியின் நாட்குறிப்பும் முதன்மை ஆதாரம். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கட்டுரைகள் இரண்டாம்நிலை.

அடுத்தது டாபிக். "இன்னார் நாவல்களில் பெண்ணியம்" என்கிற மாதிரித் தலைப்புகள் நம் ஊர் புராஜெக்ட்களில் குவிந்து கிடக்கின்றன. அது ஒரு பரப்பு, அதில் கேள்வியே இல்லை. இரண்டு மூன்று முறை சுருக்குங்கள். வேர்ட்ஸ்வொர்த்தும் டோரதியும் என்று தொடங்கினால், நாட்குறிப்பில் இருந்து கவிதைக்குப் போனவை எவை, போகாதவை எவை என்று சுருக்கலாம். இன்னும் சுருக்கினால், டோரதி எழுதிய களைத்துச் சாய்ந்த பூக்கள் கவிதையில் ஏன் இல்லை என்று வரும். இப்போது தேட வேண்டியது என்ன என்று தெரிகிறது, தவறாகப் போனால் தவறு என்றும் தெரியும். உங்கள் கேள்வியை இலக்கியமே படிக்காத வீட்டு ஆள் ஒருவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "அதுக்கு என்ன பதில்?" என்று அவர் திருப்பிக் கேட்டால் கேள்வி சரியாக அமைந்துவிட்டது.

முன்பு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க சோத்கங்கா இணையதளத்துக்குப் போங்கள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் கல்லூரி வழியாக அனுமதி இல்லாவிட்டாலும் இலவசக் கணக்கு தொடங்கிக் குறிப்பிட்ட எண்ணிக்கை கட்டுரைகளை வாசிக்கலாம். பழைய பதிப்புகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். சாட்பாட்டிடம் கேட்டு ஆதாரப் பட்டியல் வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றையும் தேடித் திறந்து பார்த்தே ஆக வேண்டும், இல்லாத கட்டுரையை இருப்பது போல அழகாக எழுதிக் கொடுத்துவிடும்.

குறிப்பெடுப்பதில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூலத்திலிருந்து அப்படியே எடுத்தது நீல மையில், மேற்கோள் குறியோடு, பக்க எண்ணோடு. அவர் கருத்தை உங்கள் சொல்லில் எழுதியது கறுப்பு மையில், அதற்கும் பக்க எண். உங்கள் சொந்த யோசனை பென்சிலில். மூன்றும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது, எழுத்துக் களவு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. என் எம்.ஏ. புராஜெக்டில் டெரிடாவின் வரி ஒன்றை ஒரு கைடில் இருந்து எடுத்து, நேரே டெரிடாவைப் படித்த மாதிரி போட்டிருந்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் "இந்த வரிக்கு முன்னால் அவர் என்ன சொல்கிறார்?" என்று மென்மையாகத்தான் கேட்டார். பதில் இல்லை. அந்த அறையின் அமைதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்னொருவர் நூலில் மேற்கோளாகப் பார்த்ததை, அங்கே பார்த்ததாகவே குறிப்பிட எம்.எல்.ஏ. (ஆதாரங்களைக் குறிப்பிடுவதற்கான விதித்தொகுப்பு) முறையில் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 என்றால் ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது, 60-க்கு மேல் பதிவே ரத்து. ஆனால் மென்பொருள் காட்டுகிற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், சொல்லை மாற்றி கருத்தைத் திருடினால் எண் குறையும், திருட்டு குறையாது.

எம்.எல்.ஏ. கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு 2021-இல் வந்தது. புத்தகத்துக்கு ஒரு விதி, இணையதளத்துக்கு ஒரு விதி என்று மனப்பாடம் செய்கிற தேவை எட்டாம் பதிப்போடு போய்விட்டது. ஆசிரியர், படைப்பின் தலைப்பு, அது அடங்கியிருக்கும் பெரிய நூல் அல்லது இதழ், மற்ற பங்களிப்பாளர், பதிப்பு, எண், வெளியீட்டாளர், தேதி, இடம் என்று ஒன்பது உறுப்பு, அதே வரிசை, இல்லாததை விட்டுவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்து ஆதாரங்களுக்குக் கையால் எழுதிப் பழகுங்கள். பிறகு ஜெனரேட்டரைப் பயன்படுத்தினாலும் அது செய்கிற தப்பு உங்கள் கண்ணில் படும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதே நோட்டுதான். ஆங்கிலப் பாடத்திட்டத்தின் பத்து யூனிட்டில் எட்டாவது திறனாய்வு, ஒன்பதாவது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய தியரி, பத்தாவது ஆய்வுமுறை. இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. வருஷமும் நூல் பெயரும் அங்கே தேவைதான், அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு காலவரிசை போட்டுக்கொண்டே வாருங்கள். கவிதையோடு சேர்த்துப் படித்த பெயர்களை அதில் எழுதும்போது பெரும்பாலும் ஏற்கெனவே நினைவில் இருக்கும்.

வைவாவுக்கு முந்தின நாள் இரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். புராஜெக்டில் நீங்கள் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு வரியையும் அதன் மூலத்தில் திறந்து, அதற்கு முன்னால் ஒரு பத்தி, பின்னால் ஒரு பத்தி வாசித்துவிட்டுத் தூங்குங்கள்.